ரிகர்சல் அண்ணாச்சியின் ஏப்ரல் ஓட்டம்

ரிகர்சல் பார்க்காமல் ஒரு தும்மல்கூடப் போடாத மனிதர் திருவனந்தபுரத்தில் ஒருவர்தான் உண்டு. எங்கள் வீட்டுப் பக்கத்து ஆரியசாலை ஆட்டோ ஸ்டாண்டில் மூன்றாவது வண்டி அவருடையது. நாகர்கோவில் பக்கத்துக்காரர். பெயர் என்னவென்று ஸ்டாண்டில் யாருக்கும் தெரியாது. ரிகர்சல் அண்ணாச்சி என்றால் தெரியும்.

துபாய்க்குப் போகிறவரை நாளைக்கு விமானநிலையத்தில் விட வேண்டுமென்றால், இன்றைக்கே அதே நேரத்தில் அவருடைய பெட்டியை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்புவார். ஒருமுறை அப்படிப் பெட்டி விமானநிலையம் பார்த்துவிட்டது. மறுநாள் அசந்து தூங்கிவிட்டதால் ஆள் பார்க்கவேயில்லை.

என் மனைவி கோமதிக்குப் பிரசவ நேரம் நெருங்கியபோது, பின் ஸீட்டில் ஒரு குடத்தை வைத்து வாய்வரை தண்ணீர் நிரப்பி, மூன்று வழிகளில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் பார்த்தார்.

"மெயின் ரோடு வேண்டாம் சார். அரைக்குடம் போயிட்டு. கோயிலுக்குப் பின்னால போனா ஒரு கை தண்ணிதான் சிந்துகு."

அந்த வழியில் பதினேழு வேகத்தடைகள்; ஒவ்வொன்றிலும் ஊர்ந்தே ஏறி இறங்குவார். எண்ணிக் குறித்து வைத்திருக்கிறேன், மருந்துக்கடையில் ஸ்டாக் பார்க்கிறவன். அவற்றைத் தாண்டித்தான், கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து, மீனு பிறந்தாள்.

மீனுவுக்கு மூன்றரை வயதானபோது எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். வீட்டுக்குள் அவள் வாய் மூடுவதில்லை. வாசலைத் தாண்டினால் திறப்பதில்லை. அட்மிஷனுக்குப் போன அன்று மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டாள். டீச்சரும் குனிந்து உள்ளே போய்த்தான் பெயர் கேட்டார். மீனு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கோமதிக்குக் கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை. அதுவரை வீட்டிலிருந்தே பார்த்து வந்தாள். ஜூன் முதல் ஆபீசுக்கு வந்தே தீர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"இவ அங்க ஒட்டலைன்னா நான் வேலைய விட்டுருவேன்," என்றாள் கோமதி. மிரட்டுகிற குரல் இல்லை. முடிவெடுத்துவிட்ட குரல்.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். பீடியை அணைத்துவிட்டு, "ஏப்ரல் ஒண்ணாந்தேதி ஓட்டம் தொடங்குவோம்," என்றார்.

"ஏப்ரல்ல ஸ்கூல் லீவு அண்ணாச்சி."

"அதான நல்லது? தொறந்த ஸ்கூல்ல எவனாவது ரிகர்சல் பாப்பானா?"

சரியாக எட்டு பத்துக்கு வண்டி வந்தது. முதல் வாரம் நானும் கூடப் போனேன், மீனு என் மடியில். முக்குத் திரும்பியதும் ஒரு பச்சை கேட்டின் முன் நிறுத்தி ஹார்ன் அடித்தார். வீடு பூட்டிக் கிடந்தது.

"யாரு வீடு?"

"நம்ம ஸ்கூல் டிரிப்புல வார அச்சு. பாலக்காட்டுக்கு அம்மை வீட்டுக்குப் போயிருக்கான்."

"அப்புறம் ஏன் நிக்கிறோம்?"

"அவன் எப்பவும் லேட்டாக்கும் சார். சாக்ஸ் தேடுகான்."

இரண்டு நிமிடம் நாற்பது விநாடி நின்றோம். பிறகு பின்னால் திரும்பி, "வந்தாச்சு. நீங்கி இரி மக்களே, அச்சு ஏறட்டும்," என்றார். மீனு நகர்ந்தாள். சற்று நேரம் கழித்துத்தான் நானும் நகர்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது. அடுத்த வீட்டில் தேவு. ஓரத்தில் உட்காராவிட்டால் வாந்தி எடுப்பவள். அதனால் ஓரத்தையும் விட்டுக்கொடுத்தோம். கண்ணுக்குத் தெரியாத இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே நெருங்கி உட்கார்ந்து பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தோம்.

பள்ளி வாசலில் கொன்றை பூத்திருந்தது. மிதிக்க ஆளில்லாததால் முற்றமெல்லாம் மஞ்சள். வாட்ச்மேன் கதவின் இடுக்கு வழியே பார்த்தார்.

"வெக்கேஷனல்லே அண்ணாச்சி? பிள்ளேரு ஆரும் இல்லல்லோ."

"ரெண்டு பேரு இப்பதான் உள்ள போனாங்க. சேட்டன் கண்டில்லே?"

வாட்ச்மேன் முற்றத்தைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த வாரம் அவரும் சேர்ந்துகொண்டார். எட்டு நாற்பதைத் தாண்டினால் கடிகாரத்தைக் காட்டி, "இன்னு லேட்டாணல்லோ," என்று முறைப்பார். மீனு ஒரு பூவைப் பொறுக்கிக்கொண்டு, வாசலைத் தொட்டுவிட்டு, அதே வண்டியில் வீடு திரும்புவாள்.

இரண்டாம் வாரத்திலிருந்து நான் வண்டியில் ஏறக்கூடாது, கோமதி பால்கனியில் நிற்கக்கூடாது. கையசைத்ததும் உள்ளே போய்விட வேண்டும். குழந்தை இரண்டே நாளில் தேறிவிட்டாள். நாங்கள் தேறவில்லை. ஒரு நாள் நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். அண்ணாச்சி வண்டியை ஓரம் கட்டி இறங்கி வந்தார்.

"உங்க ரிகர்சல் சரியாவல்லே சார். வீட்டுக்குப் போயி முதல்லேருந்து தொடங்குங்க."

போனேன்.

அந்தக் கோடை முழுவதும் மீனு அந்த வண்டியில்தான் இருந்தாள் என்று தோன்றுகிறது. மதியம் சாப்பிடும்போதே கண் செருகி, அச்சு இன்றைக்குப் பென்சிலைக் கடித்தான் என்பாள். தேவுவுக்கு ஒரு இட்லி எடுத்துவை என்பாள். மே கடைசியில் மழை தொடங்கியபோது அண்ணாச்சி வண்டியின் இரண்டு பக்கமும் பச்சைப் படுதாவை இறக்கிவிட்டார். குளத்துக்கு அடியில் போவதுபோல அந்த வெளிச்சத்துக்குள் உட்கார்ந்து, வழி நெடுக அவர்களோடு பேசிக்கொண்டே போகிறாள் என்று அவர் சொன்னார்.

கோமதிக்கு அதுதான் பயமாகிவிட்டது. "இல்லாத பிள்ளைகள்ட்ட பேசுதா. நெசமான பிள்ளைக வந்து ஏறுனா என்ன செய்வா, அண்ணாச்சி?"

அண்ணாச்சி வண்டியில் ஏறி உட்கார்ந்தார், அதை ஸ்டார்ட் செய்ய மறந்துவிட்டார்.

பள்ளி திறந்த அன்று நல்ல மழை. எட்டு பத்துக்கு வர வேண்டியவர் ஏழரைக்கே வந்து வாசலில் நின்றார். சவரம் செய்த முகத்தில் இரண்டு இடத்தில் வெட்டு.

"சார், இன்னைக்கு மட்டும் நீங்களும் வாங்க."

"குழந்தைக்காகவா?"

"கொச்சு இருந்துகிடும். எனக்கு ஒரு தைரியத்துக்கு."

பச்சை கேட்டின் முன் நின்று ஹார்ன் அடித்தார். மூன்று நிமிடம் கழித்து மழைக்கோட்டுக்குள் ஒரு பையன் நிஜமாகவே வந்தான். வண்டிக்குள் ஒரு புது முகத்தைக் கண்டதும் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டான். மழை அவன் தலையில் கொட்டியது. அண்ணாச்சி 'ஏறு' என்று சொல்லவில்லை. கண்ணாடியில் மீனுவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவள் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை, அவள் மடியிலிருந்த பையைப் பார்த்தேன்.

மீனு அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு, பூட்டிய வீட்டின் முன்னால் இரண்டு மாதம் செய்ததுபோலவே, ஒரு கை அகலம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சாக்ஸ் கிட்டியா?" என்று கேட்டாள்.

பையன் குனிந்து தன் காலைப் பார்த்தான். "ஒண்ணு கிட்டி," என்று சொல்லிவிட்டு ஏறினான்.

வெளியே பெய்கிற மழைக்கு, அண்ணாச்சி முன் கண்ணாடியை உள்பக்கமாகத் துடைத்தார்.

அடுத்த வீட்டில் தேவு ஏறி ஓரத்தில் உட்கார்ந்தாள். பள்ளி வாசலில் மூன்று பிள்ளைகளும் இறங்கினார்கள். தேவு மட்டும் அழுதாள். மீனு அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள், திரும்பிப் பார்க்காமல். பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த கோமதிக்கு போன் செய்தேன்.

"அழுதாளா?"

"இல்ல."

"பேசுனாளா?"

"பேசுனா."

"கழக்கூட்டம் பஸ் வந்துட்டு, ஏறுதேன்," என்றாள்.

"நீங்க கடைக்குப் போங்க சார், எனக்கு ஒரு சவாரி உண்டு," என்றார் அண்ணாச்சி. நான் முக்குவரை நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். சவாரி எதுவும் இல்லை. சாத்திய கேட்டின் முன்னால், தலையில் ஒரு துண்டுகூட இல்லாமல் நனைந்துகொண்டு நின்றார்.

திரும்பிப் போய் என் குடையை அவருக்கும் சேர்த்துப் பிடித்தேன். நான் ஸ்டாக் பார்க்கிற மொத்த மருந்துக்கடைக்கு, பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, நாற்பது நிமிடம் தாமதமாகப் போனேன். ஏன் என்று கேட்டார்கள். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறேன் என்றேன். வாசலில் அவளை இறக்கிவிட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மிச்ச நேரமெல்லாம், அவளை விட்டுவிட்டுப் போக மனசு வராமல் நின்ற ஒருவருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தேன்.