இன்ஸ்பெக்டருக்கு உடைத்த சவர்க்காரம்

கஷ்டகாலத்துக்கென்று சாமான் வாங்கிச் சேர்ப்பவர்கள் வரப்போகிற கஷ்டத்துக்கு வாங்குவதில்லை, போன கஷ்டத்துக்குத்தான் வாங்குகிறார்கள். இதை நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நான்கு பொலிஸ்காரருக்கும் ஒரு கணவருக்கும் முன்னால் நின்று கண்டுபிடித்தேன்.

அப்போது நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ரகுவைக் கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ரகு கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர். சிங்களம் தண்ணீர் மாதிரி ஓடும். எனக்குத் தெரிந்த சிங்களம் மூன்று சொல்: ‘கீயத’, ‘ஹரி’, ‘எப்பா’. எவ்வளவு, சரி, வேண்டாம். (மீன் வாங்க இது போதும். பொலிஸுக்குப் போதாது.) கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம்.

சண்டை கொழும்புக்கும் வந்து, கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்து, நகரமெல்லாம் கரும்புகை தெரிந்த நேரம் அது. பாண் விலை ஏறப்போகுது, மண்ணெண்ணெய் இராது, காஸ் இராது என்று பஸ்ஸிலும் மீன்கடையிலும் ஒரே கதை. கொழும்புச் சனம் அரிசி, மா, சீனி, பால்மா என்று அள்ளியது. நான் சவர்க்காரமும் பற்றரியும் வாங்கினேன்.

சிரிக்காதீர்கள். யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வரத் தடை இருந்த காலத்தில் எங்களுக்கு இல்லாமல் போனவை அவைதாம். பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்திருக்கிறேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டிருக்கிறேன். செத்த பற்றரியை வெயிலில் வைத்து எடுத்தால் பத்து நிமிடச் செய்தி கேட்கலாம் என்பது எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கஷ்டம் என்றால் எனக்கு அந்த இரண்டு சாமானும் இல்லாத கஷ்டம்தான். வேறு மாதிரிக் கஷ்டமும் இருக்கும் என்று யோசிக்கிற மூளை அப்போது இல்லை.

ரகுவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் பகிடி பண்ணுவார். கந்தோரில் வேலை முடிந்து வரும்போது ஒவ்வொரு கட்டியாக வாங்கி, சேலைக்கு நடுவிலும் சூட்கேசுக்குள்ளும் காஸ் சிலிண்டருக்குப் பின்னாலும் ஒளித்தேன். எழுபத்திரண்டு கட்டி. புறக்கோட்டை நடைபாதையில் மலிவாகக் கிடைத்த பென்டோர்ச் பற்றரி, மணிக்கூட்டுக்குப் போடுகிற சின்னப் பற்றரி, ஒரு பிஸ்கற் ரின் நிறைய. சேர்த்ததைத் தொடக்கூடாது என்பது என் சட்டம். குளியலறையில் நகத்தளவுக்குத் தேய்ந்த துண்டு ஒன்றுதான் இருந்தது.

"இஞ்ச, சவர்க்காரம் முடியுதெல்லே?" என்று ரகு கேட்பார்.

"கடையில இல்லையாம். பாத்துப் பாவியுங்கோ."

(கீழ்க்கடையில் கூரை முட்ட அடுக்கியிருந்தது. மனுசன் பாவம், நம்பினார்.) சுவர் மணிக்கூடு நாலு இருபதில் நின்றபோதும் இதே பதில். பற்றரி கடையில் இல்லையாம்.

இதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். சனிக்கிழமைகளில் ரகு சந்தைக்குப் போனதும், மொட்டை மாடியில் தகரத்தை விரித்து, ஒரு பக்கம் செத்தல் மிளகாய், மறுபக்கம் பற்றரி என்று காயவைப்பேன். புதுப் பற்றரிதான். இருந்தாலும் வெயில் பட்டால் இன்னும் கொஞ்சம் தாங்கும் என்று நினைத்தேன். நாலைந்து மாதம் கிழமை தவறாமல், வடகத்தைப் புரட்டுகிற மாதிரிப் புரட்டிப் போட்டுக் காயவைத்தேன். யாழ்ப்பாணத்துப் பெட்டை ஒருத்தி நூற்றுக்கணக்கில் பற்றரி புரட்டுவதை எதிர்மாடியில் யாரோ பார்த்திருக்கிறார்கள். குண்டு செய்யப் பாவிப்பார்கள் என்று வடக்குக்கு அனுப்பத் தடைசெய்த சாமான் அது. யாரும் என்ன நினைப்பார்கள்?

அன்று ரகு சந்தைப் பையோடு படியேறி வர, பின்னாலேயே பொலிஸும் ஏறி வந்தது. ஒரு இன்ஸ்பெக்டர், இரண்டு கொன்ஸ்டபிள், ஒரு பெண் கொன்ஸ்டபிள். ரகு பதறவில்லை. எங்களிடம் ஒன்றும் இல்லை, எங்கே வேண்டுமானாலும் தேடுங்கள் என்று சிங்களத்தில் தாராளமாகச் சொன்னார்.

அலுமாரியைத் திறந்தார்கள். சேலைக்குள்ளிருந்து நாலு கட்டி விழுந்தது. சூட்கேசைத் திறக்க இருபது. தேடுகிறவர்களைவிட ரகுவின் கண்தான் பெரிதாகிக்கொண்டு போனது. காஸ் சிலிண்டரை நகர்த்தியபோது அவரே எட்டிப் பார்த்தார். பிறகு பிஸ்கற் ரின்னைத் திறந்தார்கள். எல்லோருடைய முகமும் இறுகியது.

யாருக்கு அனுப்ப, என்று இன்ஸ்பெக்டர் சத்தம் போடாமல் கேட்டார். ரகு தனக்குத் தெரியாது என்றார். உண்மை. ஆனால் பொய் சொல்கிறவனும் அதைத்தான் சொல்வான். உடுப்பை மாற்றிக்கொண்டு வரச்சொன்னார் இன்ஸ்பெக்டர். சின்ன விசாரணையாம். எங்கள் ஒழுங்கையிலிருந்து அப்படிச் சின்ன விசாரணைக்குப் போன ஒரு பெடியன் திரும்பி வர மூன்று மாதம் ஆனது. என் பைத்தியத்துக்கு இந்த மனுசன் போகப்போகிறாரே என்று நினைத்தேன்.

ரகு சேர்ட் எடுக்கப் போனவர் பாதியில் திரும்பினார். பொலிஸ் நிற்பதையே மறந்துவிட்டார்.

"நீர் எனக்குச் சவர்க்காரம் இல்லையெண்டெல்லே சொன்னனீர்?"

"அது கஷ்டகாலத்துக்கு வச்சது."

"இதைவிட என்ன கஷ்டம் வரவேணும்? மூண்டு கிழமையா நகத்தளவு துண்டோட நான் குளிக்கிறன். போன புதன்கிழமை அது தண்ணி போற ஓட்டைக்குள்ள விழுந்து, ஈர்க்கால கிண்டி எடுத்தனான், தெரியுமே உமக்கு?"

பெண் கொன்ஸ்டபிளுக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கியிருக்க வேண்டும். நேரே குளியலறைக்குப் போய், அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து இன்ஸ்பெக்டரிடம் காட்டினா. அவர் அதைப் பார்த்தார், எழுபத்திரண்டு கட்டியைப் பார்த்தார், பிறகு சுவரில் நாலு இருபது காட்டிய மணிக்கூட்டைப் பார்த்தார். அதற்கும் பற்றரி இல்லையாம் என்று ரகு சிங்களத்தில் முறையிட்டார்.

இன்ஸ்பெக்டர் தானே மணிக்கூட்டைக் கழற்றி, ரின்னிலிருந்து ஒரு பற்றரியைப் போட்டார். முள் அசையவில்லை. இன்னொன்று போட்டார். பிறகு கொன்ஸ்டபிள்மாரும் சேர்ந்துகொண்டார்கள். முப்பது பற்றரிக்கு மேல் போட்டுப் பார்த்திருப்பார்கள். எல்லாம் செத்திருந்தன. பலதில் வெள்ளையாக மா மாதிரி ஏதோ கசிந்திருந்தது.

என்ன செய்தாய் என்று கேட்டார்கள். வெயிலுக்கு எனக்குச் சிங்களம் தெரியாது. மேலே கையைக் காட்டினேன். கொன்ஸ்டபிள் ஒருவர் மொட்டை மாடிக்கு ஓடிப்போய், அன்றைக்குக் காயவைத்ததைத் தகரத்தோடு தூக்கி வந்தார், மிளகாயும் சேர்த்து.

இன்ஸ்பெக்டர் தகரத்தையும் என்னையும் பார்த்தார். பிறகு சிங்களத்தில் ஏதோ சொன்னார். ரகு மொழிபெயர்த்தார், சிரிப்பதா அழுவதா என்று தெரியாத குரலில்.

"இதால ஒரு மணிக்கூடே ஓடாது, இதைக்கொண்டு ஆர் என்ன செய்யப்போகினம் எண்டு கேக்கிறார்."

ரின்னை எடுத்துக்கொண்டார்கள். கடதாசியில் ரகுவிடம் கையெழுத்து வாங்கினார்கள். உடுப்பு மாற்றத் தேவையில்லை என்றார்கள். போகும்போது இன்ஸ்பெக்டர் வெள்ளை மா படிந்த விரல்களை விரித்துக் காட்டி, கை கழுவ வேண்டும் என்றார். நான் ஒரு புதுக் கட்டியை எடுத்து உறையைக் கிழித்துக் கொடுத்தேன். என் சேமிப்பில் உடைத்த முதல் கட்டி அதுதான். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்று மூன்று கொன்ஸ்டபிள்மாரும் கழுவினார்கள். கடைசி ஆளாக ரகு நின்றார்.

அவர்கள் போனபிறகு ரகு ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் சிரிப்பீங்கள்."

"சிரிப்பன்தான். ஆனா எனக்குச் சொல்லும்."

பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்ததை அன்றுதான் முதன்முதலாக அவருக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நான்தான் அழுதேன். பிறகு அவர் புதுச் சவர்க்காரத்தோடு குளியலறைக்குப் போய் ஒரு மணித்தியாலம் வெளியே வரவில்லை.

இப்போது எங்களுக்கு வளர்ந்த ஒரு மகள். நான் புதுத் துவாயை அலுமாரியில் வைத்தாலும், நல்ல கோப்பையை எடுக்காவிட்டாலும், "அதுக்கு இன்ஸ்பெக்டர் வரவேணும்" என்பாள். அண்மையில் காஸுக்கும் பெற்றோலுக்கும் சனம் வரிசையில் நின்ற நாட்களில், ரகு ஒருநாள் இரண்டு சவர்க்காரம் வாங்கி வந்தார். விலை மும்மடங்கு. ஒன்றை எடுத்து உள்ளே வைக்கலாமென்று நான் கையை நீட்டினேன். மனுசன் வாசலிலேயே நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், இரண்டு உறையையும் கிழித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.