கடலில்லாத ஊருக்கு வந்த உளவாளி

கடல் இல்லாத ஊரில் இருந்துகொண்டு நீர்மூழ்கிக் கப்பல்களைப் பற்றிப் படிப்பவனை உலகம் நல்ல கண்ணோடு பார்ப்பதில்லை. கிரிக்கெட் பைத்தியமாக இருக்கலாம், புறா வளர்க்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் விருத்தாசலத்தில் உட்கார்ந்துகொண்டு (எங்கள் மணிமுத்தாற்றில் பல மாதம் கணுக்கால் நனையக்கூடத் தண்ணீர் இருக்காது) நீருக்கடியில் பாயும் டார்பிடோ குண்டைப் பற்றிப் பேசினால், எதிரில் இருப்பவர் மெதுவாக நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்.

சந்தேகத்தில் நானும் இளைத்தவன் இல்லை. பீங்கான் கம்பெனியில், கரண்ட் போர்டில் ஃபியூஸ் கம்பி மாட்டும் பீங்கான் கேரியர்களைத் தரம் பார்ப்பது என் வேலை. சூளையிலிருந்து வரும் ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் நல்லது. மந்தமாகக் கேட்டால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. இதையே செய்து செய்து, மனிதர்களையும் மனதுக்குள் சுண்டிப் பார்க்கும் கெட்ட பழக்கம் வந்துவிட்டது. கல்யாணமாகாத அந்த நாட்களில் எனக்கு எல்லோரிடமும் விரிசல் கேட்டது.

அப்போது நான் ஒரு வாட்ஸ்அப் குழு நடத்திக்கொண்டிருந்தேன். கடற்போர்ப் புத்தகப் பைத்தியங்கள் ஒருவருக்கொருவர் புத்தகம் சிபாரிசு செய்வதற்கான குழு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் நான் நீள நீளமாக எழுதித் தள்ளுவேன். முதலில் ஒரு மாலுமியின் சொந்த அனுபவத்தைத்தான் படிக்க வேண்டும், இரும்புக் குழாய்க்குள் அவன் அடைபட்டுக் கிடக்கும்போது நமக்கும் மூச்சு முட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் போர் வரலாறு என்பது என் கட்சி. எஞ்சின் படம் போட்ட தடித்த புத்தகத்தை முதலிலேயே கொடுத்தால் ஆள் தப்பித்து ஓடிவிடுவான். பஷீர் பாய் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். வளைகுடாவில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் வேலை செய்துவிட்டு, மங்கலம்பேட்டையில் செல்போன் கடை வைத்திருப்பவர் அவர். வால்வு படம் இல்லாத புத்தகத்தைப் புத்தகமாகவே மதிக்க மாட்டார்.

குழுவில் சேரும் இணைப்பை நான் பேஸ்புக்கில் போட்டிருந்தேன். ஒருநாள் அதன் வழியாகச் செம்பருத்திப் பூ படம் போட்ட ஒரு எண் உள்ளே வந்தது. பெயர் இல்லை. கேள்வி இல்லை. ஒரு குட்மார்னிங் கூட இல்லை. ஆனால் நான் எழுதுவதையெல்லாம் ஒன்று விடாமல் படித்தது (யார் யார் படித்தார்கள் என்று வாட்ஸ்அப் காட்டிக்கொடுத்துவிடும்). பஷீர் பாய்க்குப் போன் போட்டேன்.

"சும்மா படிக்கிற ஆளு ஒரு கட்டைவிரலாவது தூக்கிக் காட்டுவான் தம்பி. இது கவனிக்கிற ஆளு. உளவுத்துறை டிபார்ட்மென்ட்டா இருக்கும்," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "யாராச்சும் நேர்ல வந்து கேட்டா, குடும்பஸ்தன்னு சொல்லிடுங்க. புள்ளகுட்டிக்காரன்னா வுட்டுடுவாங்க," என்று ஆலோசனையும் சொன்னார். (அவருக்கு இதில் என்ன அனுபவம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.)

அதே சமயத்தில்தான் சேத்தியாத்தோப்பில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெயர் சுதா. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று இருந்தேன். முன்பு வந்த இடங்கள் எல்லாம் தட்டிப்போயிருந்தன. ஒரு வீட்டில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே, கப்பல் மூழ்கினால் உள்ளே காற்று எவ்வளவு நேரம் தாங்கும் என்று விளக்கியிருந்தேன். அதனால் அம்மா முன்கூட்டியே எச்சரித்தார். பெண் வீட்டிலிருந்து யாராவது சொல்லாமல் கொள்ளாமல் வந்து, கம்பெனியிலும் டீக்கடையிலும் பையன் எப்படி என்று விசாரிப்பார்கள், குடிப்பானா, வேறு தொடுப்பு உண்டா என்று துருவுவார்கள், அதுவரை கப்பல் என்று வாயைத் திறக்காதே என்றார்.

அந்த வாரமே கம்பெனி எதிரில் இருக்கும் டீக்கடைக்கு ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மழைக்கு அறிகுறியே இல்லாத நாளில் கையில் குடை. கடைக்காரரிடம் ஏதோ கேட்டுவிட்டு நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க கப்பல் பொஸ்தகமெல்லாம் படிப்பீங்கன்னு சொன்னாங்க தம்பி. எனக்கும் அதுல ஒரு ஆச இருக்குது. எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்?"

பெண் வீட்டுக்காரர் என்றால் சம்பளம் கேட்பார். நீர்மூழ்கியைப் பற்றி ஏன் கேட்கப்போகிறார்? ஆகவே இது டிபார்ட்மென்ட்தான் என்று முடிவு கட்டினேன். (என் அறிவுக்கூர்மையை நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கிறது.) இருந்தாலும் ஒருமுறை சுண்டிப் பார்த்துவிடலாம் என்று, டீசல் நீர்மூழ்கி பிடிக்குமா, அணுசக்தி நீர்மூழ்கி பிடிக்குமா என்று கேட்டேன்.

அவர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "மைலேஜ் எது நல்லா குடுக்குமோ அது."

மகா மந்தமான ஓசை. எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

அடுத்து அவர் கேட்டதெல்லாம் அசல் போலீஸ் கேள்விகள். புத்தகங்கள் யார் மூலமாக வருகின்றன, ஞாயிற்றுக்கிழமை யாரைப் பார்ப்பேன், போனில் யாரோடு அதிகம் பேசுவேன், வெளியூர் போனால் எங்கே தங்குவேன். பேசிக்கொண்டே என் பையிலிருந்த புத்தகத்தை உருவி, முதல் பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரகசிய மையில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடுகிறார் என நினைத்தேன். (பெண் பெயர் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தாராம்.) பஷீர் பாயின் ஆலோசனை நினைவுக்கு வந்தது.

"சார், நான் குடும்பஸ்தன் சார். வூட்டுல பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க இருக்குது. என்னை வுட்டுடுங்க."

அவர் கையில் கிளாஸ் அப்படியே நின்றது. "ரெண்டா?"

"பெருசு பொண்ணு, சின்னது பையன் சார்." (பயத்திலும் கற்பனைக்குக் குறைவில்லை.)

"உங்க அம்மாவுக்கு இது தெரியுமா?"

அம்மா வரைக்கும் விசாரித்துவிட்டார்கள் என்று எனக்குக் கண் இருட்டியது. "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார். பாவம், அவங்கள இதுல இழுக்காதீங்க."

அவர் எழுந்து போய்விட்டார். என் புத்தகத்தையும் கையோடு எடுத்துப் போனார், சாட்சிக்கு என்று நினைத்துக்கொண்டேன். எதிரியின் வலையிலிருந்து சத்தமில்லாமல் நழுவிய கேப்டன் போல அன்று வீட்டுக்கு வந்தேன்.

அம்மா கையில் போனோடு உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எங்கடா வெச்சிருக்க?"

"எத?"

"என் பேரப்புள்ளைங்கள."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வந்தவர் சுதாவின் பெரியப்பா தணிகாசலம். மாப்பிள்ளையிடம் நேராகக் கேட்டால் நல்ல பிள்ளையாக நடிப்பான், அவனுக்குப் பிடித்ததைப் பேசினால் தானே உளறுவான் என்பது அவருடைய விசாரணை முறை. நான் அதற்கு மேலேயே உளறியிருந்தேன். நடந்ததை நடந்தபடி அம்மாவிடம் சொன்னேன். அழுகை வந்தது. வந்தவரை உளவாளி என்று நினைத்துப் பொண்டாட்டி பிள்ளைகளை உண்டாக்கினேன் என்று சொன்னால் பெற்ற தாய் கூட நம்ப மாட்டாள் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை தணிகாசலம் தங்கள் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரோடு காரில் வந்து இறங்கினார். அலமாரியில் புடவை இருக்கிறதா, கொடியில் குழந்தைத் துணி காய்கிறதா என்று வீடு முழுக்கப் பார்த்தார்கள். அவர்களைவிட என் அம்மாதான் மும்முரமாகத் தேடினார். பரணைக்கூட விடவில்லை. எங்கு பார்த்தாலும் நீர்மூழ்கிப் புத்தகங்கள்தான் கிடைத்தன. ஆனாலும் தணிகாசலத்துக்குத் தெளியவில்லை. "வேற வூடு இருக்கலாம்," என்றார்.

அந்த நேரத்தில் அவர் போன் அடித்தது. காது சரியாகக் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டார். சுதா. முதல்முறையாக அந்தக் குரலைக் கேட்டேன்.

"பெரியப்பா, அவரு குரூப்புல செம்பருத்திப் பூ போட்டுக்கினு இருக்கிறது நான்தான். ஒரு மாசமா பாக்கறேன். ஞாயித்துக்கெழம ஆனா மத்தியானத்துலேர்ந்து பொழுது சாயிற வரைக்கும் கப்பலப் பத்தியே டைப் அடிக்கிறாரு. பொண்டாட்டியும் ரெண்டு புள்ளையும் இருக்கிற ஆளுக்கு அது முடியுமா?"

கூடத்தில் இருந்த பெண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு எந்த ஆதாரமும் தேவைப்படவில்லை.

கல்யாணம் நடந்தது. முகூர்த்த நேரம் முழுக்கத் தணிகாசலம் மாமா மண்டபத்து வாசலிலேயே நின்று, இரண்டு பிள்ளைகளோடு யாராவது பெண் வருகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துப்போன புத்தகத்தை அவர் திருப்பித் தரவே இல்லை. அதில் ஏதோ மர்மம் இருக்கிறது என்று படிக்க ஆரம்பித்து, மூச்சு முட்டி, இன்று எங்கள் குழுவில் பஷீர் பாயின் கட்சியை எதிர்த்துச் சண்டை போடுகிறவர் அவர்தான்.

எங்களுக்கு முதலில் பெண் பிறந்தாள். பிறகு பையன் பிறந்தான். ஆஸ்பத்திரிக்கு வந்த மாமா குழந்தையை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, சுற்றி நின்றவர்களிடம் சொன்னார்: "அன்னிக்கே தெளிவா சொன்னாரு. பெருசு பொண்ணு, சின்னது பையன்னு. நாமதான் நம்பல."

இன்றும் தெரியாத எண்ணிலிருந்து யாராவது நல்ல நீர்மூழ்கிப் புத்தகமாகச் சொல்லுங்கள் என்று கேட்டு நான் பேச ஆரம்பித்தால், உள்ளேயிருந்து சுதாவின் குரல் வரும்.

"பொஸ்தகம் எத்தன வேணா சொல்லுங்க. புள்ளைங்கள மட்டும் ரெண்டோட நிறுத்திக்குங்க."