பினாங்கில் போட்ட துண்டு

கடவுளே நேரில் வந்து, "புஷ்பக விமானம் வாசலில் நிற்கிறது, ஏறிக்கொள் பக்தா" என்று சொல்லியிருந்தாலும், "காந்திபுரம் வழியாப் போகுமுங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் ஏறியிருப்பார் டவுன்பஸ். போகாது என்று கடவுள் சொல்லியிருந்தால், அடுத்த வண்டியில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருப்பார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது எங்கள் கம்பெனி பில்லில் மட்டும்தான் உயிர் வாழ்ந்தது. மற்றபடி பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப்செட் கடை வைத்திருந்த அந்த மனிதர் எல்லோருக்கும் டவுன்பஸ்தான். நான் அப்போது கோவையில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் இருந்தேன். பதவி என்று பார்த்தால் குமாஸ்தாவுக்குக் கொஞ்சம் மேலே, மேனேஜருக்கு ரொம்பக் கீழே.

தொண்ணூறுகளில் எந்தத் தோட்டத்தைப் பார்த்தாலும் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் எங்கள் டீலர்கள் எல்லோருக்கும் நல்ல யோகம். ஆளுக்கொரு கார் வைத்திருந்தார்கள். டவுன்பஸ்ஸிடமும் வெள்ளை அம்பாசடர் ஒன்று இருந்தது. அதன் பானெட்டில் அவர் மனைவி மிளகாய் காயப்போடுவார். வேறு எதற்கும் அந்தக் கார் பயன்பட்டு நான் பார்த்ததில்லை.

"ஏனுங்ணா, கார வச்சுக்கிட்டு எதுக்கு பஸ்ஸுல இடிபடறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காருல போனா யாருகூடப் பேசறதுங்க தம்பி? ஓட்டறவன் என்ற சித்தப்பன் மவன். அவங்கூட எனக்குப் பேச்சுவார்த்தையே இல்லீங்" என்றார்.

பஸ்ஸில் அவருக்குப் பேச ஆள் கிடைக்காத நாளே கிடையாது. ஒருமுறை எங்கள் கம்பெனி டிப்போவில் புது மோட்டார் ஒன்றை வாங்கி, லக்கேஜ் டிக்கெட் எடுத்து, பஸ்ஸில் காலடியில் வைத்துக்கொண்டு கடைக்குப் புறப்பட்டார். துடியலூர் வருவதற்குள் பக்கத்து சீட்டு விவசாயிக்கு அதை விற்றுவிட்டார். விவசாயி மோட்டாரோடு இறங்கினார். இவரும் கூடவே இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸைப் பிடித்து அடுத்த மோட்டார் வாங்க எங்கள் டிப்போவுக்கே வந்து சேர்ந்தார்.

மகன் கல்யாணத்துக்கும் மாப்பிள்ளை வீட்டார் மேட்டுப்பாளையம் ரோட்டு டவுன் பஸ்ஸில்தான் போனார்கள். மாப்பிள்ளை பட்டு வேட்டியும் மாலையுமாகப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருக்க, "மாப்ளே, உள்ள ஏறு மாப்ளே, உள்ள எடமிருக்குது" என்று கண்டக்டர் கத்தினாராம். இதைச் சொல்லிவிட்டு, "அன்னிக்கு முகூர்த்தத்துக்கு நாங்க முன்னாலயே போயிட்டமுங். காருல வந்த பொண்ணு ஊட்டுக்காரங்கதான் லேட்டு" என்று மறக்காமல் சேர்த்துக்கொள்வார்.

அந்த வருஷம் கம்பெனிக்கு நல்ல லாபம். இலக்கை எட்டிய டீலர்களை மனைவியோடு சிங்கப்பூருக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து கப்பலில் பினாங்குத் தீவு வரை சுற்றிக்காட்டுவது என்று முடிவாயிற்று. ஆட்டு மந்தைக்கு ஒரு ஆள் வேண்டுமே என்று என்னையும் அனுப்பினார்கள்.

கப்பலில் மற்ற டீலர்கள் சாப்பாட்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். டவுன்பஸ் மட்டும் மேல்தளக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது பாயிண்ட் டு பாயிண்டுங்களா? நடுவுல எங்கயாச்சும் நிக்குமுங்களா?"

"நடுவுல கடல்தானுங்ணா இருக்குது."

"யாரும் ஏறவும் மாட்டாங்க, எறங்கவும் மாட்டாங்க. பாவமுங்க இந்த டிரைவரு" என்றார், கப்பல் கேப்டனை நினைத்து உண்மையான வருத்தத்தோடு.

பினாங்கில் காலையில் இறங்கினோம். துறைமுக வாசலில் எங்களுக்காகக் குளிர்சாதன டூர் பஸ் காத்திருந்தது. டவுன்பஸ் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"சன்னலே தொறக்காது போலிருக்குதுங். எனக்குக் கொமட்டும். நீங்க போங்க, நாங்க டவுன் பஸ்ஸுல வாரோம்."

சொல்லிவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். எதிரே, கோவை டவுன்ஹாலில் இருப்பது போலவே ஒரு மணிக்கூண்டு. அதன் அடியில் பஸ் ஸ்டாப். "அம்மணி, டவுன்ஹாலுக்கே வந்துபோட்டம் பாரு" என்று அவர் சந்தோஷப்படுவது தூரத்திலிருந்தே கேட்டது.

எங்கள் மேனேஜர் என் தோளைப் பிடித்தார். "நீ அவங்க கூடப் போ. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கப்பல்ல இருக்கணும். ரெண்டு பேர விட்டுட்டு வந்தேன்னு வச்சுக்க, உனக்கு இங்கயே வேலை தேடிக்க."

நான் ஓடினேன். வந்து நின்ற நீல பஸ்ஸில் ஏறினோம். ஏறியதும் ஒரு வேடிக்கை நடந்தது. அவர் மனைவி, எனக்கு அக்கா, தானாக முன்னால் போய்ப் பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். டவுன்பஸ் தானாகப் பின்னால் போய் ஆண்கள் கூட்டத்தில் நின்றுகொண்டார். அந்த ஊர் பஸ்ஸில் அப்படியெல்லாம் வகுத்து வைக்கவில்லை. கடல் தாண்டிப் போனாலும் கால் அதன் பழைய வழிக்குத்தானே போகும்! கடலோரமாகவே போய், தீவின் வடக்குக் கரையில் ஒரு மணல்வெளியில் இறங்கினோம். இறங்கும் இடத்தில் அவர் பின்னாலிருந்து, "அம்மணீ, எறங்கு!" என்று குரல் கொடுக்க, பாதி பஸ் இறங்கிவிட்டது.

கடலில் கால் நனைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தோம்.  அக்கா பொதுவாகவே அதிகம் பேசாதவர் என்று நினைத்திருந்தேன். திடீரென்று கேட்டார்.

"ஏனுங், இந்த ஊரு பஸ்ஸுல லேடீஸ் சீட்டே இல்லீங்களா?"

"இல்ல போலிருக்குது அம்மணி."

"அப்பறம் எதுக்கு நீங்க பின்னால போயி நின்னீங்க?"

டவுன்பஸ் மணலைப் பார்த்தார்.

"கண்ணாலம் ஆன நாள்லயிருந்து உங்க கூட பஸ்ஸுல வாரேன். ஒரு நாளாச்சும் பக்கத்துல உக்காந்து வந்திருக்கறனா? எறங்கற எடம் வந்தா பின்னாலயிருந்து சத்தம் போடுவீங்க, நான் திரும்பிப் பாப்பேன். அவ்வளவுதான். ஊருக்குப் போயிட்டா பழையபடி முன்னால நானு, பின்னால நீங்க."

கோபம் துளியும் இல்லை. அவ்வளவு காலமாக மனதில் கிடந்ததை எடுத்து வெளியே வைத்தார், அவ்வளவுதான். எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கவே சங்கடமாக இருந்தது.

டவுன்பஸ் எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். "போறப்ப ஒண்ணா உக்காந்து போலாம். சன்னலோரம் உனக்கு" என்றார். முகூர்த்த ஓலை எழுதுகிறவர் மாதிரி அவ்வளவு உறுதியாகச் சொன்னார்.

அதற்கு அவரிடம் திட்டமும் இருந்தது. ஊருக்குள் போகிற பஸ்ஸுக்காகக் காத்திருந்தால் கூட்டமாக வரும், சீட்டுக் கிடைக்காது. எதிர்ப்பக்கம், கடைசி ஊருக்குப் போகிற பஸ்ஸில் காலியாக இருக்கும்போதே ஏறிவிட வேண்டும். அது அங்கே போய்த் திரும்பி வரும்போது நாம் சீட்டில் இருப்போம். கோயமுத்தூரில் சாயங்காலம் பஸ் ஏறுகிற எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான் இது.

பஸ் வந்து நின்றது. டவுன்பஸ் என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினார். திறந்திருந்த ஜன்னல் வழியாகத் தோளில் கிடந்த துண்டை உள்ளே வீசினார். ரெண்டு பேர் உட்காரும் சீட்டில் அது பொத்தென்று விழுந்தது. துண்டு விழுந்துவிட்டால் சீட்டு நம்முடையது. இதற்கு மேல் எங்கள் பக்கத்தில் கோர்ட்டுகூடக் கேள்வி கேட்காது.

"துண்டு போட்டாச்சு அம்மணி. மெதுவா வா. அந்தக் கடையில ஒரு டீ குடிச்சுட்டே ஏறலாம்" என்றார்.

அவர் திரும்பி டீக்கடையைப் பார்த்த நேரத்தில் கதவு மூடியது. பஸ் போய்விட்டது.

முதலில் அவருக்கு அது புரியவே இல்லை. "ஏய், துண்டு போட்டிருக்குதப்பா!" என்றார் பஸ்ஸின் முதுகைப் பார்த்து. பிறகு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். எங்கள் ஊர் கண்டக்டர் அடிக்கும் ஒற்றை விசில், வண்டியை நிறுத்தச் சொல்வது. சாலையில் வந்த ரெண்டு கார்களும் ஒரு சைக்கிளும் நின்றன. பஸ் நிற்கவில்லை.

"போனாப் போகுதுங்ணா, துண்டுதானே" என்றேன்.

டவுன்பஸ் வெறும் தோளைத் தடவிப் பார்த்தார். "துண்டு முந்தியில கப்பல் அட்டைய முடிஞ்சு வச்சிருந்தனுங்க. ரெண்டு பேருதும்."

கப்பலில் திரும்ப ஏறுவதற்கு ஆளுக்கொரு அட்டை கொடுத்திருந்தார்கள். பஸ்ஸில் போகிறவன் சட்டைப்பையில் எதையும் வைக்கக்கூடாது என்பது அவர் வாழ்நாள் சட்டம். பிக்பாக்கெட்டுக்குப் பயந்து துண்டு முனையில் முடிவார். சீட்டுக்குத் துண்டு போட வேண்டும் என்பது இன்னொரு சட்டம். ரெண்டு சட்டமும் இத்தனை காலம் மோதிக்கொள்ளாமல் இருந்து, மோதுவதற்கு என் வேலைக்கு உலை வைக்கும் நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டன.

டீக்கடைக்காரர் தமிழ் முஸ்லிம். தாத்தா காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த குடும்பமாம். "ஏன் பதறுறீங்க? அதே வண்டி கடைசி ஊருக்குப் போயிட்டு இந்த வழியாத்தான் திரும்பி வரும். உக்காருங்க" என்று டீயை ஆற்றிக் கொடுத்தார்.

"துண்டு இருக்குமுங்களா பாய்?"

"அதை அல்லாதான் சொல்லணும்."

உட்கார்ந்தோம். வெயில் இறங்க ஆரம்பித்தது. ஊருக்குள் போகும் வேறொரு பஸ் வந்தது. அதில் போய்க் கப்பல்காரர்களிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். வரமாட்டேன் என்றுவிட்டார். அந்த பஸ்ஸும் போயிற்று.  அக்கா மட்டும் நிதானமாக டீ குடித்தார்.

"அட்ட கெடைக்காட்டியும் பரவால்லீங். என்னாலதானுங்க இத்தன சிரமம். நான் பாட்டுக்கு முன்னாலயே உக்காந்துக்கறேன்" என்றார் மெல்ல.

"சித்த சும்மாயிரு அம்மணி. பஸ் வரும்" என்றார் டவுன்பஸ். அந்தக் குரலில் அப்படி ஒரு நம்பிக்கை. அவர் பஸ்ஸை நம்பினாரா, துண்டை நம்பினாரா, தெரியவில்லை.

பஸ் வந்தது. நிற்கவும் இடமில்லாத கூட்டம். டிரைவரிடம் கும்பிடு போட்டு, இடித்துப் பிடித்து ஏறினோம். உள்ளே பார்த்தால், எல்லோரும் நின்றுகொண்டிருக்க, அந்த ஒரு சீட்டு மட்டும் காலி. நடுவில் துண்டு. கசங்கி விழுந்த துண்டை யாரோ நாலாக மடித்து, முடிச்சு மேலே தெரியும்படி வைத்திருந்தார்கள். அழுக்குத் துண்டு என்று பயந்தார்களோ, யாரோ போட்டது, வருவார்கள் என்று நினைத்தார்களோ, எனக்குத் தெரியாது. முன்பின் தெரியாத அத்தனை பேரையும் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"பாத்தீங்களா தம்பி? துண்டுன்னா எந்த ஊர்லயும் துண்டுதானுங்" என்றார் டவுன்பஸ்.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தார். டவுன்பஸ் பழக்க தோஷத்தில் பின்னால் நகர ஆரம்பித்தார்.

"எங்க போறீங்க? உக்காருங்க" என்றார் அக்கா.

பெண் பார்க்க வந்த பையனைப் போல சீட்டின் நுனியில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அக்கா வெளியே எதையெதையோ காட்டிக் கேட்டார். இவர் தெரிந்ததற்கும் தெரியாததற்கும் பதில் சொன்னார். பஸ்ஸில் ஊரையே பேச வைக்கும் மனிதர், மனைவியோடு பஸ்ஸில் பேசி நான் பார்த்தது அன்றுதான். பிறகு கடல் காற்றில் அக்காவுக்குக் கண் சொருகியது. தலை மெல்ல அவர் தோளில் சாய்ந்தது. டவுன்பஸ் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மணிக்கூண்டு வந்தது. பஸ்ஸை நிறுத்தும் மணியை அழுத்தினேன். "அண்ணா, ஸ்டாப் வந்திருச்சுங், எந்திரிங்க."

தூக்கத்தில்கூட ஒரு ஸ்டாப்புக்கு முன்னாலேயே எழுந்து படிக்கட்டுக்கு வந்துவிடும் மனிதர் அவர். அசையவில்லை.

"சத்தம் போடாதீங்க தம்பி. தூங்குது."

"அண்ணா, கப்பலு!"

"அடுத்த ஸ்டாப்புல எறங்கி ஓடியாந்துரலாமுங். சித்த தூங்கட்டும்."

நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் அக்கா விழித்திருப்பார். வாயைத் திறந்தேன். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். கதவு மூடியது. ஜன்னலுக்கு வெளியே எங்கள் கப்பல் வெள்ளையாக, உயரமாக, மெதுவாகப் பின்னால் போயிற்று. அதோடு என் வேலையும் போவதைப் பார்த்துக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றேன். அடுத்த ஸ்டாப் வந்தது. "இன்னும் ஒண்ணே ஒண்ணுங் தம்பி" என்று கண்ணாலேயே கெஞ்சினார். தலையாட்டினேன்.

பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியதில் அக்காவே விழித்துக்கொண்டார். "எந்த எடமுங்க இது?"

"தெரியல அம்மணி!" என்றார் டவுன்பஸ். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன வார்த்தை அது. அதில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு யார் குரலிலும் கேட்டதில்லை.

இறங்கி ஓடினோம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கையில் மனைவியின் கையைப் பிடித்திருந்தார். அக்கா இன்னொரு கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தபடி ஓடிவந்தார். ஏணிப்படியை எடுக்கப் போகிற நேரத்தில் கடைசி ஆட்களாகக் கப்பலில் ஏறினோம்.

மேனேஜர் என்னை நிற்க வைத்துத் திட்டினார்.  அன்றைக்கு என்னை விட்டுவிட்டுக் கப்பல் போயிருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அந்த ரெண்டு பேரும் அப்படியே உட்கார்ந்து வர, பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தீவு முழுக்க நின்றுகொண்டே வந்திருப்பேன்.