பத்துக்குப் பத்து வலி

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு ஆராய்ச்சிதான் செய்திருக்கிறேன். ஊசி போடும் இடத்தில் முதலில் ஐஸ் வைத்து மரத்துப்போகச் செய்தால், நோயாளிக்கு வலி உயிர் போகும் அளவுக்கு ஏறிவிடும் என்பது அதன் முடிவு. உலகத்தில் வேறு எந்த நர்ஸும் இதைக் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. கண்டுபிடிக்கவும் முடியாது. அதற்கு என் அளவுக்குப் படித்திருக்க வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் போகிற பஸ்கள் நின்று போகும் ஓர் ஊரில் சின்ன மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தேன். மேல்படிப்புக்கு என்னை மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும்போது ஒரு டிரங்குப் பெட்டி, ‘நர்சிங் ஆராய்ச்சி’ என்று அட்டையில் எழுதிய நோட்டு, அளவில்லாத தலைக்கனம் ஆகிய மூன்றையும் கொண்டுவந்தேன். (கண்டக்டர் பெட்டிக்கு மட்டும்தான் லக்கேஜ் போட்டார். அவருக்கு எடை பார்க்கத் தெரியவில்லை.)

நோட்டில் இருந்ததென்னவோ நல்ல விஷயம்தான். காலம் காலமாகச் செய்கிறோம் என்பதற்காக எதையும் செய்யாதே, அதனால் நோயாளிக்கு நன்மை என்று ஆதாரம் இருக்கிறதா பார், இல்லாவிட்டால் நீயே ஒழுங்காக ஆராய்ந்து பார். இதில் நான் ‘ஆதாரம்’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டேன். படுக்கை விரிப்பை ஏன் இப்படி மடிக்கிறீர்கள், ஆதாரம் என்ன? காய்ச்சலை ஏன் ஆறு மணிக்குப் பார்க்கிறீர்கள், ஆதாரம் என்ன? வீட்டில் அம்மாவிடம், “களிக்குக் கீரைதான் தொட்டுக்கணும்னு என்னம்மா ஆதாரம்?” என்று கேட்டு ஒரு பகல் முழுக்கப் பட்டினி கிடந்தேன்.

இந்த ஆதார வேட்டையில் கடைசியாகச் சிக்கியவர் அந்தோணியம்மா அக்கா. ஆண்கள் வார்டின் மூத்த நர்ஸ், இருபது வருஷமாக ஊசி போடுகிறவர். நோயாளியைக் கவிழ்த்துப் போட்டு, இடுப்புக்குக் கீழே பளாரென்று ஓர் அறை விடுவார். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும்.

“அடி வாங்குன நோவுல ஊசி நோவு தெரியாது புள்ள,” என்றார்.

“இதுக்கு என்னக்கா ஆதாரம்?”

உள்ளங்கையை என் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினார். அகலமான ஆதாரம்தான்.

நான் பெரிய டாக்டரிடம் போனேன். ஐஸ் முறை, அறை முறை இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ச்சி செய்ய அனுமதி கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “செய்ம்மா. ஆனா முடிவை மாசக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லணும். நல்லா வந்தா எல்லா வார்டுலயும் ஐஸ் வெப்போம். புது நர்ஸுங்களுக்குப் பாடம் எடுக்கற பொறுப்பும் உனக்கே,” என்றார். அன்று மாலையே கண்ணாடி முன்னால் நின்று பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டேன்.

வார்டின் இடது வரிசைக்கு நான் ஐஸ் வைத்து ஊசி போடுவது, வலது வரிசைக்கு அக்கா வழக்கம்போல அறைந்து போடுவது என்று ஏற்பாடு. கிழிந்த ரப்பர் கையுறையின் விரல்களில் தண்ணீர் ஊற்றி, முடிச்சுப் போட்டு உறையவைத்தேன். விறைத்த வெள்ளைக் கை ஒன்றைத் தட்டில் ஏந்திக்கொண்டு நான் வார்டுக்குள் நுழைந்தபோது இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அதில் ஒருவர் இந்து.

நோயாளிகளிடம் முறைப்படி சம்மதமும் கேட்டேன். காலில் புண்ணோடு படுத்திருந்த இண்டூர் விவசாயி மாதப்பன்தான் எல்லாருக்குமாகப் பதில் சொன்னார். “எப்படியும் குத்தத்தானே போறீங்க, குத்துங்க.”

ஊசி போட்டதும் வலி எவ்வளவு என்று அட்டையில் குறிக்க வேண்டும். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாத வலி. இதை இப்படியே எழுதியிருந்தால் படித்தவளுக்கு என்ன மரியாதை? ஆகவே, ‘தசைவழி மருந்தேற்றத்தின்போது உணரப்பட்ட துளைப்புணர்வுச் செறிவு: பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் இடுக’ என்று எழுதினேன். எழுதிவிட்டு அரை மணி நேரம் அதையே பார்த்து ரசித்தேன்.

நோயாளி குறிக்கும்போது ஊசி போட்டவள் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று நோட்டு சொன்னது. சரி என்று, வார்டைப் பெருக்கித் துடைக்கும் சின்னப்பொண்ணுவிடம் அட்டைகளைக் கொடுத்துப் படித்துக் காட்டச் சொன்னேன். அட்டையை முதலில் நாலைந்து பேரிடம் கொடுத்து, கேள்வி அவர்களுக்குப் புரிகிறதா பார் என்றும் நோட்டு சொன்னது. வலி புரியாத மனிதர் உண்டா என்று அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டேன்.

கணக்குப் போடுவதிலும் கறை படியக் கூடாதல்லவா? லேப் டெக்னீஷியன் ஸ்டீபனிடம் அட்டைகளை ஒப்படைத்து, “கூட்டத்துல சார்ட்டை விரிக்கிற வரைக்கும் முடிவை எங்கிட்டகூடச் சொல்லக் கூடாது,” என்றேன். பாவம், மனுஷன் இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தார். இரண்டு தடவையும் கையை உயர்த்தித் தடுத்தேன். நேர்மை என்றால் அப்படி ஒரு நேர்மை.

கூட்டத்தன்று டாக்டர்கள், நர்ஸுகள், சிஸ்டர்கள் என்று ஹால் நிறைந்திருந்தது. கஞ்சி போட்ட சேலையில் நான் முன்னால் நின்றேன். எனக்குப் பின்னால் ஸ்டீபன் சார்ட்டைச் சுவரில் மாட்டினார். சபையைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது மெட்ராஸ் பயிற்சி. திரும்பாமலேயே குச்சியால் தட்டினேன்.

“இந்த உயரமான கட்டத்தைப் பாருங்கள். இத்தனை வருஷமாக நம் நோயாளிகள் அனுபவித்த தேவையில்லாத வேதனை இது. பக்கத்தில் இந்தச் சின்னக் கட்டம், அறிவியல் அவர்களுக்குத் தந்த ஆறுதல்.”

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள்.

“பிலோமினா, திரும்பிக் கீழ எழுதியிருக்கறதப் படிம்மா,” என்றார் பெரிய டாக்டர்.

திரும்பினேன். சார்ட்டின் மேல்விளிம்பை முட்டிக்கொண்டிருந்த கட்டத்தின் கீழே ‘ஐஸ்’. தரையோடு ஒட்டிக் கிடந்த கட்டத்தின் கீழே ‘அறை’.

அந்தோணியம்மா அக்கா எழுந்து நின்றார். இருபது வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. “ஆதாரம் கெடச்சிடுச்சா புள்ள?”

“சார் மாத்தி எழுதிட்டாரு!” என்று ஸ்டீபன் மேல் பாய்ந்தேன். அவர் அட்டைகளை மேஜையில் பரப்பினார். என் வரிசை முழுக்கப் பத்து, பத்து, ஒன்பது, பத்து. அக்கா வரிசை முழுக்க ஒன்று.

“நோயாளியையே கேட்டுடலாம்,” என்றார் டாக்டர். மாதப்பன் நொண்டிக்கொண்டே வந்தார்.

“ஐஸ் வெச்சுப் போட்ட ஊசிக்குப் பத்து போட்டீங்களே, அவ்வளவு நோவா?”

“நோவா? எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லீங்க. அந்தப் புள்ள பதமாப் போடுது. அதான் பத்துக்குப் பத்து போட்டேன். மெட்ராஸ் வரைக்கும் போய்ப் படிச்சிட்டு வந்திருக்கு, நம்மால பெயிலாயிடக் கூடாதுங்களே.”

கதவோரம் நின்ற சின்னப்பொண்ணு முந்தானையைத் திருகினாள். “தொளைப்பு கிளைப்புன்னு என்னமோ எழுதியிருந்துச்சுங்க. எனக்கு மதிப்பெண் மட்டுந்தான் வெளங்குச்சு. ஊசி போட்டவங்களுக்கு மார்க் போடுங்கன்னு சொன்னேனுங்க.”

அத்தோடு விட்டிருக்கலாம். டாக்டர் விடவில்லை. “அப்ப அந்த வரிசைக்காரங்க ஏன் ஒண்ணு போட்டாங்க?”

தனக்குப் பின்னால் அக்கா நிற்பது மாதப்பனுக்குத் தெரியாது. “அந்தம்மா அடிக்கற அடிக்கு ஒண்ணே ஜாஸ்திங்க. சைபர் போடலாம்னுதான் பேசிக்கிட்டாங்க. வயசானவங்க, பாவம்னு விட்டுட்டாங்க.”

ஹாலே குலுங்கியது. அக்காவும் நானும் மட்டும் சிரிக்கவில்லை.

டாக்டர் கடைசியாக ஒன்று கேட்டார். “அட்டை சரியா இருந்திருந்தாலும், ஐஸ் வெச்சது நீ, அறைஞ்சது அவங்க. வலி குறைஞ்சா அது ஐஸாலயா, உன் கையாலயான்னு எப்படிம்மா தெரியும்?” அதற்குப் பதில் நோட்டில் இருந்தது. எத்தனையாவது பக்கம் என்பதுகூட ஞாபகத்துக்கு வந்தது.

பாடம் எடுக்கும் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனபோது, அக்கா டிரெஸ்ஸிங் அறையில் தனியாகப் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“இருவது வருஷத்துல ஒருத்தனாவது நோவுதுன்னு எங்கிட்டச் சொன்னதில்ல புள்ள.”

“பயத்துல சொல்லியிருக்க மாட்டாங்கக்கா.”

மெட்ராஸிலிருந்து வந்த பிறகு நான் ஆதாரத்தோடு பேசிய முதல் வாக்கியம் அதுதான். அதற்குப் போய் எனக்கு அழுகை வந்தது.

இரண்டு நாள் அக்கா என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் சத்து ஊசி மருந்து இரண்டோடு வந்து கதவைச் சாத்தினார். “அந்த ஐஸ் வெரல் ஒண்ணு எடுத்துட்டு வா. எனக்கு ஒரு பக்கம் ஐஸ் வெச்சுப் போடு, ஒரு பக்கம் அறைஞ்சு போடு.” நான் தயங்கித் தயங்கி அறைந்தேன். “இன்னும் ஓங்கி அடி. நான் அப்படியா அடிக்கறேன்?” என்றார். ஓங்கி அடித்தேன். முடிந்ததும் வெகுநேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன மார்க் என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து ஆண்கள் வார்டில் பளார் சத்தம் கேட்கவில்லை. ஊசி போடுவதற்கு முன் அக்கா, “நோவுனா சொல்லுங்க,” என்று கேட்க ஆரம்பித்தார். அவர் கேட்ட தோரணையில் பலர் இன்னும் பயந்தார்கள் என்பது வேறு விஷயம்.

பொய்க் குற்றம் சுமத்தியதற்காக ஸ்டீபனிடமும் மன்னிப்புக் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் இரண்டு வருஷம் கழித்து அவரைக் கல்யாணமும் செய்துகொண்டேன். அதன் பலனாக, எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் எதையும் நிம்மதியாகப் பாராட்ட முடிவதில்லை. போன வாரம் புது மருமகன் முதல்முறை விருந்துக்கு வந்திருந்தார். என் மீன் குழம்பை ருசித்துவிட்டு, “அத்தை, பத்துக்கு ஒம்பது போடலாங்க,” என்றார் மரியாதையாக.

ஸ்டீபன் தட்டிலிருந்து கையை எடுத்தார். “மாப்ள, தெளிவாச் சொல்லிடுங்க. ருசிக்கா, நோவுக்கா?”

மருமகன் என்னைப் பார்த்தார், குழம்பைப் பார்த்தார், ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு, யோசித்து நாளைக்குச் சொல்வதாகச் சொன்னார்.