முத்யாபா வீட்டுச் சேவலின் இரைப்பை

இந்தக் கிறிஸ்துமஸுக்கு இரைப்பை தன் வாய்க்குள்தான் போகவேண்டும் என்று முத்யாபா முடிவு கட்டிவிட்டான். நாட்டையே மீட்கப் போகிறவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முடிவு கட்டினான்.

மசாக்கா ஊர்ப்பக்கத்து வீடுகளில் கோழி அடித்தால் இரைப்பை வீட்டுத் தலைவனுக்கு. காலை யார் கடித்தாலும் கழுத்தை யார் சூப்பினாலும் கேள்வி இல்லை. இரைப்பை மட்டும் கைமாறினால், அந்த வீட்டில் ஆம்பளை யார் என்று ஊரே கேட்கும்.

போன கிறிஸ்துமஸில் கைமாறிவிட்டது. "இந்தச் சேவலுக்கு இரைப்பையே இல்லீங்க, பிறவிக்குறை போல" என்று பெண்டாட்டி நக்கித்தோ முழங்காலிட்டுச் சொன்னாள். அங்கே பெண்கள் புருஷனிடம் எதையும் முழங்காலிட்டுத்தான் சொல்வார்கள். அத்தனை பணிவாக வருகிற பொய்யை எந்தப் புருஷனால் பொய் என்று சொல்ல முடியும்?

அடுத்த வீட்டு லுபேகா அதைப் பிடித்துக்கொண்டான். வருஷம் பூராவும் விடவில்லை.

"ஏம்பா, உன் வீட்டுக் கோழியெல்லாம் இரையை எதுல அரைக்குது? உரல் வாங்கிக் குடுத்திருக்கியா?"

"இந்த வருஷம் நீயே வந்து உக்காரு. உன் கண்ணு முன்னால திங்கிறேன் பாரு."

"வர்றேன். என் ஸ்டூலையும் கொண்டாரேன்."

வாயை விட்டாயிற்று. இனி மானம் இரைப்பையில் இருந்தது.

கிறிஸ்துமஸ் விடிந்ததும் முத்யாபாவே சேவலை அறுத்தான். இரைப்பையைத் தூக்கிச் சூரியனுக்குக் காட்டினான். அடுப்படிக்குள் ஆம்பளை நுழைந்தால் ஊர் சிரிக்கும் என்பதைக்கூடப் பார்க்காமல் போய் உட்கார்ந்தான். தீயில் வாட்டிய வாழையிலையில் கறி, காளான், கடலைக் குழம்பு, நட்டநடுவே இரைப்பை. வாழைநாரால் தன் கையாலேயே முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு, பானைக்குள் வேகவைத்தான். நக்கித்தோ பணிவாக நார் கிழித்துக் கொடுத்தாள். அப்போதே அவன் பயந்திருக்க வேண்டும்.

"பூசைக்கு நேரமாச்சு, கிளம்புங்க. புதுச் சட்டையைத் தேச்சு வச்சிருக்கேன்."

"எனக்கு உடம்பு சுடுது. நீங்கல்லாம் போங்க. நான் பானையைப் பாத்துக்கறேன்."

"ஐயோ பாவம். நல்லவேளை, தனியா இருக்க வேண்டாம். அம்மா வந்திருக்காங்க."

"யாரு அம்மா?"

"எங்க அம்மாதான். காலை வண்டியில வந்தாங்க. நடந்து களைச்சுப் போயி, இந்த அடுப்படிப் பக்கம்தான் வந்துக்கிட்டிருக்காங்க."

முத்யாபா பின்பக்கத்து வாசல் வழியாகப் பாய்ந்தான். மாமியார் முகத்தை மருமகன் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, ஒரே கூரையடியில் உட்காரக் கூடாது. மீறினால் கைகால் நடுக்கம் வரும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போட்டிருந்த செருப்பில் ஒன்று அடுப்படியிலேயே கிடந்துவிட்டது.

"உங்க அம்மாவை வீட்டுக்குள்ள உக்காரச் சொல்லேன்" என்றான், வாழைமரத்துக்குப் பின்னாலிருந்து.

"அவங்களுக்குக் குளிருதாம். நீங்க ஏன் கவலைப்படறீங்க? அந்தக் காலத்து மனுஷி, பொம்பளைங்க கோழி திங்கக் கூடாதும்பாங்க, கையாலகூடத் தொடமாட்டாங்க."

எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். ஒற்றைச் செருப்போடு முத்யாபா அடுப்படியைச் சுற்றிச் சுற்றி வந்தான். இருமிப் பார்த்தான். உள்ளேயிருந்து பதில் இருமல் வந்தது. கதவு வரை போய்க் கண்ணை மூடிக்கொண்டு கையை மட்டும் உள்ளே விட்டான். யாரோ தொண்டையைச் செருமினார்கள். கை அப்போதே நடுங்கிற்று. சற்று நேரத்தில் உள்ளே இலை சரசரத்தது. அடுப்புக்குச் சருகு போடுகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

மத்தியானம் கம்பாலாவிலிருந்து வந்த தம்பி குடும்பம், சோடா பாட்டில்கள், புதுத்துணி சலசலக்கும் பிள்ளைகள் என்று வீடு நிறைந்தது. லுபேகா சொன்னபடியே ஸ்டூலோடு வந்து முத்யாபாவுக்கு எதிரே போட்டுக்கொண்டான்.

நக்கித்தோ பொட்டலத்தை வைத்தாள். முடிச்சு அவன் போட்டபடியே இருந்தது. முத்யாபாவுக்கு மூச்சு வந்தது. பிரித்தான். கறி இருந்தது. காளான் இருந்தது. குழம்புக்குள் விரலால் துழாவினான். அடியில் தொட்டபோது, அவன் வைக்காத புது இலை ஒன்று ஒட்டுப் போட்டிருந்தது.

"என்னப்பா தேடுறே?" லுபேகா கழுத்தை நீட்டினான்.

நக்கித்தோ முழங்காலிட்டாள். "என்னங்க, மருமகனுக்கு இரைப்பை பதமா வெந்திருக்கான்னு அம்மா கேட்டுவரச் சொன்னாங்க."

வீடே அவன் வாயைப் பார்த்தது. முத்யாபா ஒரு காளானை எடுத்து வாயில் போட்டான். கல்லைக் கடிப்பவன் மாதிரி தாடையை அசைத்து அசைத்து மென்றான். லுபேகா திருப்தியாகத் தலையாட்டும் வரை மென்றான்.

"நல்லா வெந்திருக்கு. வெண்ணெய் மாதிரி இருக்குன்னு சொல்லு."

நக்கித்தோ குழம்பு ஊற்றுகிற சாக்கில் அவன் காதருகே குனிந்தாள்.

"அம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க."