மூன்று ஞாயிறு வாசித்த மரண அறிக்கை

நெய்யூர்,
செவ்வாய்க்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனன் யூஜினுக்கு,

அத்தான் ரசலையன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அக்கா ராகேலுக்கு முட்டுவலி, அதையும் நலத்தில் சேர்த்துக்கொள். நீயும் உன் பதிப்பகமும் நன்றாயிருக்க ஜெபிக்கிறோம், இந்த மாதம் கொஞ்சம் கூடுதலாகவே.

விஷயம் உனக்குத் தெரியும். என் மகள் ஜினிஷா, கி.பி. 2190இல் ஒரு கொடுங்கோலன் ஆளும் நகரத்தைப் பற்றி இளைஞர்களுக்கு நாவல் எழுதி உனக்கு அனுப்பியிருக்கிறாள். நேற்று என்னிடம், "அப்பா, புக்கு வரல்லேன்னா நான் சவுதிக்கு நர்ஸ் வேலைக்கு போவேன், பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டாள். ஒரே பிள்ளை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடனே வீட்டிலிருந்த பிரதியை எடுத்துப் படிக்க உட்கார்ந்தேன். யூஜின், படுமோசம்! அந்தக் கொடுங்கோலன் ஒருவனைக் கொல்வதென்றால், நம் சபையில் கல்யாண அறிக்கை வாசிப்பதுபோல மூன்று ஞாயிறு பெயரை வாசித்து, ஆட்சேபனை உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் கொல்கிறான். அதற்குள் சாக வேண்டியவன் நடந்தே சென்னை வந்து உன் வீட்டில் காபி குடித்துவிட்டுத் திரும்பலாம். துரோகி யாரென்று, அவன் வந்து நின்ற மறுவரியிலேயே எழுதிவிட்டாள். குடும்ப ஜெபம் முடிந்ததும் ராகேலுக்கு வாசித்துக் காட்டி, திக்கென்ற இடத்தில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் சொல் என்றேன். "மூணு வாரம் வாசிச்சாச்சு, ஒருத்தரும் தடுக்கல்லல்லா? அப்பம் நடக்கும். நீங்க சாப்பிட வாங்க" என்றாள். பொறுக்க முடியாமல் நானே பேனாவை எடுத்து இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு கொலையைச் சேர்த்தேன். செத்தவன் ஐந்தாம் அத்தியாயத்தில் வந்து அரைப் பக்கம் பேசுகிறான். ஜினிஷாவுக்குத் தெரியாமல் செய்தது, இனி யாரிடம் கேட்டுத் திருத்த? அந்தப் பிரதியைத்தான் இத்துடன் அனுப்புகிறேன். கதை மோசம்தான், ஆனாலும் எப்படியாவது அச்சேற்று. பிள்ளை வீட்டில் இருக்கும்.

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸ்தோத்திரம். கர்த்தர் உன்னையும் உன் அச்சு இயந்திரத்தையும் ஆசீர்வதிப்பாராக.

அன்புள்ள அத்தான்,
ரசலையன்

பி.கு.: உறையை ஒட்டுமுன், விட்டுவைத்திருந்த கடைசி அத்தியாயத்தையும் படித்தேன். கதாநாயகிக்கு நகரத்தை விட்டுப் போக அனுமதி கிடைத்துவிடுகிறது. அவளுடைய அப்பா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வருகிறார். போகாதே என்று சொல்ல வாயெடுத்து, தண்ணீர் எடுத்தாயா என்று கேட்கிறார். அவள் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பிப் பார்க்கிறாள். அதோடு பக்கம் முடிகிறது. அடுத்த பக்கத்தைக் காணோம். ஜினிஷாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. உன்னிடம் முழுப் பிரதி இருக்குமே. அவள் ஏறினாளா, யூஜின்?