நெத்துக் குமாஸ்தாவும் செவலை மாடும்

மரத்துக்கு வக்கீல் நோட்டீஸ் கொடுத்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவர் மதுரையில், பழங்காநத்தம் பக்கம், எனக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தார். ஒரு வக்கீலிடம் குமாஸ்தா வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, தெருவுக்கு அவர் நெத்துக் குமாஸ்தா.

அந்தப் பெயருக்குக் காரணம் ஒரு வெள்ளைக்காரத் துரை. யுத்தத்துக்கு முந்தைய காலம் அது. குமாஸ்தா வீட்டை ஒட்டிய பங்களாவில் இருந்த துரை, தோட்டம் அழகாக இருக்கட்டும் என்று ஒரு தூங்குமூஞ்சி மரத்தை வைத்து வளர்த்தார். பிறகு மரத்தை எங்களுக்கு விட்டுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிவிட்டார். மரத்தில் பாதி குமாஸ்தாவின் கொல்லைக்கு மேல்தான் நின்றது. கோடை பிறந்தால் முற்றிக் காய்ந்த கரிய காய்கள், அந்த நெத்துகள், பொலபொலவென்று கொட்டும். மிதித்தால் பிசுபிசுவென்று காலில் ஒட்டிக்கொண்டு பூஜை அறை வரைக்கும் வரும். ஒரு மழை பெய்துவிட்டால் கொல்லை முழுக்கக் கன்றுகள் முளைத்துவிடும்.

குமாஸ்தா சட்டப்படி நடப்பவர். ‘மேற்படி மரமாகிய நீர் எமது கட்சிக்காரரின் கொல்லையில் அத்துமீறி நெத்துகளைப் போட்டு வருவதால்’ என்று தொடங்கி, பதினைந்து நாள் கெடு வைத்து, நோட்டீஸ் எழுதி மரத்திலேயே ஆணியடித்து மாட்டினார்.

“இது வக்கீலுக்குத் தெரியுமா அண்ணே?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சா என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாரு தம்பி. நீ வாய மூடிக்கிட்டு இரு.”

பதினாறாம் நாள் காற்றடித்து, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நெத்து கொட்டியது. “பாத்தியா, எதிர்வழக்குப் போடுது!” என்று பல்லைக் கடித்தார்.

அதற்குப் பிறகு இரட்டை இலையோடு எது முளைத்தாலும் அவர் கை சும்மா இருக்காது. காலையில் நூறு கன்று பிடுங்காமல் காப்பி குடிக்கமாட்டார். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு ஆடி மாதம் போனவர், சம்பந்தியம்மாள் ஊன்றி முளைக்கவைத்திருந்த அவரைக் கன்றுகள் அத்தனையையும் கைகால் கழுவுவதற்கு முன்பே பிடுங்கிப் போட்டுவிட்டார். அந்த அம்மாள் இரண்டு வருஷம் அவரோடு பேசவில்லை. “நல்லதுதானே செஞ்சேன்?” என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

ஒரு கோடையில் அவருக்கு ஞானோதயம் உண்டானது.

“எரிச்சா புகையுது. புதைச்சா முளைக்குது. தின்னுட்டா? தின்னுட்டா என்ன பண்ணும்?”

“யாரண்ணே திங்கிறது?”

“நம்ம செவலைதான்!”

செவலை அவருடைய பசு. அவர் சம்சாரம் டி. கல்லுப்பட்டியிலிருந்து வரும்போது கூடவே ஓட்டிவந்த மாட்டின் கன்று. சம்சாரம் போய்ச் சேர்ந்தபின் அந்த வீட்டில் அவருக்குத் துணை அது ஒன்றுதான். சாயங்காலம் கோர்ட்டிலிருந்து வந்ததும், அன்றைய விசாரணை முழுவதையும் ஒன்றுவிடாமல் அதனிடம் சொல்வார். செவலையும் அசைபோட்டுக்கொண்டே கேட்கும். அவர் பேச்சைக் கடைசி வரை கேட்ட ஒரே ஜீவன் அதுதான்.

செவலைக்கு நெத்து வெல்லமாக இனித்தது. கோடை முழுவதும் கூடை கூடையாகத் தின்று தீர்த்தது. குமாஸ்தாவின் கொல்லை துடைத்துவிட்டது போல் ஆனது. அந்தச் சந்தோஷத்தில் அவர் தெருவுக்கே தாராளம் காட்டினார். “வாசல் தெளிக்க, தரை மெழுக எம்புட்டு வேணும்னாலும் அள்ளிக்கிட்டுப் போங்கம்மா, நம்ம செவலைச் சாணி!” பெண்கள் கூடையோடு வந்தார்கள். எல்லா வாசலிலும் அதைத்தான் கரைத்துத் தெளித்தார்கள், எல்லா அடுப்படியையும் அதில்தான் மெழுகினார்கள், எல்லாக் கொல்லைச் சுவரிலும் அதைத்தான் வறட்டியாகத் தட்டினார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது.

முதலில் கோலத்தைச் சுற்றி முளைத்தது. அப்புறம் திண்ணை இடுக்கில், துளசி மாடத்தில். எங்கள் வீட்டில் அம்மிக்கு அடியிலிருந்து இரண்டு இலை எட்டிப் பார்த்தது. சுவரிலிருந்த வறட்டிகள் பச்சைத் தலையோடு நின்றன. குமாஸ்தா தெருவில் நின்று, “காக்கா கொண்டாந்து போட்டுருக்கு! இல்லாட்டி இது துரை செஞ்ச சதி!” என்று கத்தினார்.

காக்காயும் இல்லை, துரையும் இல்லை. என் சம்சாரம் அடுப்பு மூட்ட ஒரு வறட்டியை உடைத்தாள். உள்ளே தூங்குமூஞ்சி விதைகள் முழுசு முழுசாக, பளபளவென்று உட்கார்ந்திருந்தன. செவலை சதையைத் தின்றிருக்கிறது. விதையைப் பத்திரமாக வெளியே அனுப்பியிருக்கிறது. நாங்கள் வீடு வீடாகத் தெளித்து விதைத்திருக்கிறோம்.

பிள்ளையார் கோயில் முன்னால் தெரு கூடியது. “அந்த மாட்ட மாட்டுத்தாவணிச் சந்தையில கொண்டுபோய் வித்துருங்க!” என்று ஒரு குரல் எழும்பியது. அம்மிக்கு அடியிலேயே முளைத்துவிட்ட கோபத்தில் எழும்பிய அந்தக் குரல், வெட்கத்தோடு சொல்கிறேன், என்னுடையதுதான். எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். குமாஸ்தாவுக்கு முகம் செத்துவிட்டது.

“திருக்கார்த்திகை வரைக்கும் தவணை குடுங்க. ஒத்தக் கன்னு இல்லாமப் பிடுங்கிடுறேன். ஒண்ணு மிஞ்சினாலும் நானே ஓட்டிக்கிட்டுப் போறேன்” என்றார்.

மறுநாளிலிருந்து ஐம்பத்தைந்து வயதுக் குமாஸ்தா வீடு வீடாகக் குனிந்தார். தெருவில் முப்பது வீடுகள். காலையில் கோர்ட்டுக்குப் போகும் முன் இரண்டு மணி நேரம். சாயங்காலமோ அந்தக் கன்றுகள் பெற்ற மரத்தைப் போலவே இலையை மூடிக்கொண்டு தூங்கிவிடும், கண்ணுக்கே படாது. தடவித் தடவிப் பிடுங்குவார். முட்டி வீங்கியது. எங்கள் வீட்டு முறை கடைசியில். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திருக்கார்த்திகையன்று காலையில் சுவரைப் பிடித்துப் பிடித்து எங்கள் வாசலுக்கு வந்தார். குனிந்தார். ஒன்றையும் காணோம். அடுப்படி, கொல்லை, அம்மிக்கு அடி, எங்கும் ஒன்றுமில்லை.

“நேத்துப் பாத்தப்ப நாப்பது கன்னுக்கு மேல இருந்துச்சே தம்பி?”

“வெயில்ல வாடியிருக்கும் அண்ணே.”

“விடாம மழை பெய்யுது. ஏதுய்யா வெயிலு?”

என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பத்து நகத்திலும் மண். எனக்குப் பின்னால் நின்ற என் சம்சாரம் கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். விடிவதற்கு முன்பே ஆரம்பித்திருந்தோம்.

குமாஸ்தா ஒரு பெரிய குறுக்கு விசாரணைக்குத் தயாராகிறவர் போலத் தொண்டையைச் செருமினார். “தலைய மட்டும் கிள்ளினியா, வேரோட எடுத்தியா?”

“வேரோடதான் அண்ணே.”

“சரி. அப்ப வாரேன். செவலைக்குத் தண்ணி காட்டணும்” என்று திரும்பியவர், இரண்டடி போய்த் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

மாட்டை விற்கச் சொன்னது என் குரல்தான் என்பது அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு நாங்கள் அக்கம்பக்கமாக இருந்த அத்தனை வருஷத்திலும் ஒரு நாள்கூட அதை அவர் சொல்லிக் காட்டவில்லை. அப்படிப்பட்ட மனிதருக்காக நாற்பது என்ன, நாலாயிரம் கன்றுகூடப் பிடுங்கலாம்.